குனிஞ்சான் நெஞ்சில் இருந்த மெஷின்

நான் வயரிங் வேலை செய்கிறவன். இருபத்திரண்டு வருடமாக. கரண்ட் வந்தால் எரியும், வராவிட்டால் எரியாது. இதற்கு மேல் எனக்கு எந்த நம்பிக்கையும் கிடையாது. அப்படிப்பட்ட நான்தான் இதைச் சொல்கிறேன். போன மார்கழி, ஒரு சனிக்கிழமை, ஸ்ரீரங்கம். சாயங்காலம் ஆறு இரண்டிலிருந்து ஆறு பத்தொன்பது வரை. பதினேழு நிமிடம். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். அந்தப் பதினேழு நிமிடமும் அடாப்டர் என் சட்டைப் பையில் இருந்தது. அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தென்னூரில் ஹபீபுல்லா பாயின் கொட்டகையில் எனக்கு வேலை. செத்துப்போன டிவி, கம்ப்யூட்டர், போன் எல்லாம் மூட்டை மூட்டையாக வரும். பிரித்துப் போடுவோம். அங்கேதான் கனிஷ்கா வந்தாள். ஸ்ரீரங்கத்துப் பெண், முப்பது வயது இருக்கும், சிலை செய்கிறவள். குப்பையிலிருந்து ஒரு வெளிச்சச் சிலை செய்ய வேண்டும், வயரிங் பண்ணித் தாங்க அண்ணா என்றாள்.

பன்னிரண்டு அடி உயரத்தில் ஒரு ஆள். விலா எலும்பெல்லாம் கீபோர்டு. முடி முழுக்க சார்ஜர் ஒயர். வயிறு ஒரு வாஷிங் மெஷின் டிரம், அதற்குள் நூற்றுக்கும் மேலே பழைய செல்போன். இடுப்புக்குப் பின்னால் இரண்டு ரவுட்டர், பச்சையாக மினுக்கிக்கொண்டே இருக்கும். குழந்தைகள் அதைப் பார்த்துத்தான் முதலில் சிரிக்கும் என்றாள். தலை ஒரு பழைய பெட்டி டிவி. அந்தத் தலை கையில் இருக்கிற போனைப் பார்த்து அப்படியே குனிந்திருக்கும். யார் வந்தாலும் நிமிராது. பலகையில் ‘சார்ஜில் இருக்கிறேன்’ என்று பெயர் எழுதப் போவதாகச் சொன்னாள். நாங்கள் குனிஞ்சான் என்று கூப்பிட்டோம். கழுத்தை நான்தான் முடுக்கினேன். இரண்டு போல்ட். முடுக்கி, மேலே பெயின்ட் அடித்து, காய்ந்தும் விட்டது.

நெஞ்சில் என்ன வைப்பது என்று கனிஷ்கா மூட்டைகளைக் கிளறினாள். மூட்டை ஒன்றில் வந்ததும் நான் மேஜைக்கு அடியில் தள்ளி, மேலே சாக்குப் போட்டு மறைத்து வைத்திருந்ததை இழுத்து எடுத்தாள்.

"அய்யோ, இது சூப்பர்ணா! விரல் வைக்கிற மெஷின். நெஞ்சுல இதுதான். யாரு விரல் வச்சாலும் 'மீண்டும் முயற்சிக்கவும்'னு சொல்லணும். நீ நீதான்னு இவன்கிட்ட நிரூபி பாப்போம்னு. எப்படி?"

"வேற நல்லது பாக்கலாம்மா."

"ஏன், கெட்டுப்போச்சா?"

"இல்ல..."

அந்த மெஷின் ஏன் எனக்கு வேண்டாம் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மெஷினின் இடது ஓரத்தில் வெல்டிங் பொறி பட்டுக் கருகிய வடு இருந்தது. கீழே ஒரு ஸ்டிக்கரின் மிச்சம். பாதி நீலச் சேலை, ஒரு கை. வேளாங்கண்ணி மாதா. அதை ஒட்டியவன் செபஸ்தியான்.

மன்னார்புரத்துக்குப் பக்கத்தில் ஒரு அடுக்குமாடி வேலை. பெயர் வேண்டாம். நான் வயரிங், செபஸ்தியான் கலவை. காலை ஆறு மணிக்கு வாசலில் இந்த மெஷினில் விரல் வைத்தால்தான் வேலைக்கு வந்ததாகக் கணக்கு. செபஸ்தியானுக்கு விரலில் ரேகை கிடையாது. பதினைந்து வருடச் சிமெண்ட் தின்றுவிட்டது. என் அம்மாவுக்கும் அப்படித்தான். மருங்காபுரி பக்கம் கல் உடைத்தவள். ரேஷன் கடையில் மெஷின் அவளை யாரென்றே தெரியாது என்று சொல்லும். உழைத்துத் தேய்ந்த கையை மட்டும் பார்த்து உன்னைத் தெரியாது என்று சொல்கிற ஒரு பொருளை எவனோ குளிர்ந்த அறையில் உட்கார்ந்து செய்திருக்கிறான். அவன் கையில் கண்டிப்பாக ரேகை இருக்கும்.

செபஸ்தியான் இதையும் சிரிப்பாக்குவான். "என் ரேகையெல்லாம் இந்தக் கட்டடத்துலதான்டா ஒட்டிக்கிட்டு இருக்கு. கட்டடத்த வந்து விரல் வைக்கச் சொல்லு."

சூப்பர்வைசர் சிவசங்கர் ஒரு வழி கண்டுபிடித்தான். இது எல்லா சைட்டிலும் நடப்பதுதான். "ரத்தினவேலு, உன் வலது கட்டவிரல் உனக்கு. இடது கட்டவிரல அவன் பேர்ல ஏத்திடலாம். தினம் ரெண்டையும் நீயே வச்சிரு." வைத்தேன். ஒன்றரை வருடம். ஆனால் செபஸ்தியான் தினமும் முதலில் தன் விரலை வைத்துப் பார்ப்பான். ஒரு நாளாவது எடுக்காதா என்று. கட்டை விரலை முடியில் தேய்ப்பான், நெற்றியில் தேய்ப்பான், 'ஃபூ' என்று ஊதுவான், வைப்பான். மீண்டும் முயற்சிக்கவும். அப்புறம் நான் என் இடது விரலை வைப்பேன். நன்றி, செபஸ்தியான். "வந்துட்டேன்டா" என்று மெஷினுக்கு சலாம் போட்டுவிட்டு உள்ளே போவான்.

ஒரு திங்கட்கிழமை ஊரில் அக்கா பேரனுக்குக் காது குத்து. நான் லீவு. அதை அவனிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

அன்றைக்குக் காலை ஒன்பதரைக்கு ஏழாவது மாடியிலிருந்து லிஃப்ட் குழியில் விழுந்தான். தடுப்பு கிடையாது, ஒரு பலகை கூடக் கிடையாது. அன்றைய வருகைப் பதிவில் அவன் பெயர் இல்லை. சிவசங்கர் என்ன எழுதிக் கொடுத்தான் தெரியுமா? 'இந்த ஆள் அன்று வேலைக்கு வரவில்லை. செம்பு ஒயர் திருட உள்ளே நுழைந்திருக்கலாம்.'

ஒயர் திருடன். பதினைந்து வருடம் ஊருக்கெல்லாம் வீடு கட்டியவன்.

என்னிடம் சிவசங்கர் தனியாகச் சொன்னான். "அது உன் விரல்டா. வாயத் தொறந்தா ஆள்மாறாட்டம்னு உன்னத்தான் உள்ள தள்ளுவாங்க." நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு வருடம் நான்கு மாதம். அவன் மனைவி லூர்துமேரி தொழிலாளர் அலுவலகத்துக்கும் வக்கீல் வீட்டுக்கும் நடையாக நடந்தாள். அவள் கேட்டது ஒரு தாள். என் புருஷன் அன்றைக்கு வேலைக்குத்தான் போனார் என்று ஒரு தாள். கடைசி விசாரணை அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கள். அதுவும் எனக்குத் தெரியும்.

இந்த நிலைமையில்தான் அந்த மெஷினைக் குனிஞ்சான் நெஞ்சில் திருகினேன்.

மார்கழியில் கல்யாணம் கிடையாது என்பதால் மேலச் சித்திரை வீதிக்குப் பின்னால் ஒரு கல்யாண மண்டபம் சும்மா கிடந்தது. கனிஷ்கா அதைத்தான் பிடித்திருந்தாள். ஏகாதசிக்கு வரும் கூட்டம் பார்க்கட்டும் என்று. ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை திறப்பு.

சனிக்கிழமை மாலை ஐந்து ஐம்பதுக்குக் கனிஷ்கா கிளம்பினாள். "போர்டு ரெடியாம். வாங்கிட்டு வந்துடறேன்ணா. நெஞ்சு கனெக்‌ஷன் மட்டும்தானே பாக்கி?"

"அது மட்டும்தான்."

மெயினை இறக்கினேன். மெஷினுக்கு உள்ளே பேட்டரி கிடையாது. பன்னிரண்டு வோல்ட் அடாப்டர் கொடுத்தால்தான் உயிர். அந்த அடாப்டரைப் பையில் போட்டுக்கொண்டு ஏணியில் பாதி ஏறி, டிரம்முக்குப் பின்னால் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தேன். வெளியே தெருவில் கூட்டம். தேங்காய் விற்கிறவன் குரல். ஒலிபெருக்கியில் பாசுரம். வாசல் கதவு ஒருக்களித்திருந்தது, அதில் வந்த தெரு வெளிச்சம்தான் வெளிச்சம்.

"மீண்டும் முயற்சிக்கவும்."

போன் எடுத்துப் பார்த்தேன். ஆறு இரண்டு.

டிரம்மில் இருக்கிற ஏதோ ஒரு செல்போன் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே பையைத் தொட்டேன். அடாப்டர் இருந்தது. டிரம்மில் இருந்த போன் ஒன்றுக்கும் பேட்டரி கிடையாது. நானே பிடுங்கியது.

இறங்கி முன்னால் வந்தேன். மெஷின் இருட்டாக இருந்தது. விரல் வைக்கும் கண்ணாடியை டார்ச் அடித்துப் பார்த்தேன். காலையில் நான் ஸ்பிரிட் போட்டுத் துடைத்த கண்ணாடி. அதில் சாம்பல் நிறத்தில் ஏதோ அப்பியிருந்தது. தொட்டேன். ஈரம். நறநறவென்று இருந்தது.

சிமெண்ட்.

"யாரு?" என்றேன்.

தெருவில் பாசுரம் ஓடிக்கொண்டே இருந்தது. மண்டபத்துக்குள் வேறு ஒரு சத்தம்.

சரக்... சரக்...

முடியில் விரல் தேய்க்கிற சத்தம். அது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. ஒன்றரை வருடம் பக்கத்தில் நின்று கேட்ட எனக்குத் தெரியும்.

பிறகு, 'ஃபூ'.

"மீண்டும் முயற்சிக்கவும்."

எனக்கும் மெஷினுக்கும் நடுவில் இரண்டடி இடைவெளி. அந்த இரண்டடியில் யாரும் இல்லை. ஆனால் கலவை வாசனை அங்கிருந்துதான் வந்தது. பச்சைச் சிமெண்ட், வியர்வை, பீடி.

ஓடியிருக்க வேண்டும். எண்ண ஆரம்பித்தேன். ஏன் எண்ணினேன் என்று கேட்டால் தெரியாது.

சரக். சரக். ஃபூ. மீண்டும் முயற்சிக்கவும். மூன்று.

நான்கு.

ஐந்து. அவசரம் இல்லை. அவன் எப்போதும் அவசரப்பட மாட்டான். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒன்றரை நிமிடம், இரண்டு நிமிடம். யாரையோ எதிர்பார்த்து வாசலைத் திரும்பிப் பார்க்கிறவன் போல ஒரு இடைவெளி.

என்னை எதிர்பார்த்து.

ஏழு. எட்டு.

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. பயத்தை மீறிய கோபம். "செத்தும் இந்தச் சனியன்கிட்டயாடா கெஞ்சுற? உடைச்சுப் போடுடா!" என்று கத்தினேன். என் குரல் மண்டபத்தில் எதிரொலித்து, எனக்கே திரும்பி வந்தது.

ஒன்பது.

பத்து. இந்த முறை ஊதிய காற்று என் கழுத்தில் பட்டது.

பதினொன்று.

அதற்குப் பிறகு சத்தம் இல்லை.

பிறகு மேலே...

க்ரீ...ச்.

இரும்பு இரும்பில் உரசும் சத்தம். டார்ச்சை உயர்த்தினேன்.

குனிஞ்சான் தலை நிமிர்ந்துகொண்டிருந்தது.

மெதுவாக. கைப் போனிலிருந்து... என் பக்கம்.

நின்றது.

கறுத்த டிவிக் கண்ணாடியில் என் டார்ச் தெரிந்தது. நான் தெரிந்தேன். என் தோளுக்குப் பின்னால்...

நான் திரும்பவில்லை.

என் இடது கை தானாக எழுந்தது. தானாக என்று சொல்வது பொய். நான்தான் தூக்கினேன். கட்டை விரலை வைத்தேன்.

கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது. இப்போதுதான் யாரோ விரலை எடுத்த மாதிரி.

"நன்றி. செபஸ்தியான்."

ஒரே நொடி. விலா, முடி, வயிறு, எல்லாம் எரிந்தது. டிரம்முக்குள் நூறு போனும் ஒன்றாக அடித்தது.

அணைந்தது.

ஆறு பத்தொன்பது.

ஆறு முப்பத்தைந்துக்குக் கனிஷ்கா பலகையோடு வந்தபோது நான் வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போனவள் அதே வேகத்தில் வெளியே வந்தாள்.

"என்னண்ணா பண்ணி வச்சிருக்கீங்க? தலையத் தூக்கிட்டீங்க! குனிஞ்சாதானே அதுல விஷயமே இருக்கு!"

"நான் தூக்கல."

"பின்ன அதுவா நிமிர்ந்துச்சு? நாளைக்குத் திறப்பு, விளையாடாதீங்க."

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அவளே ஏறினாள். மேலேயிருந்தே கேட்டாள். குரல் மாறியிருந்தது. "அண்ணா... போல்ட் டைட்டாத்தான் இருக்கு. பெயின்ட் கூட விடல."

மெயின் இறங்கியே இருந்தது. அடாப்டரை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மெஷினைக் கழற்றி ஒரு துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தாள். நெஞ்சில் ஒரு சதுர ஓட்டை. "அப்படியே இருக்கட்டும். அடைக்க வேண்டாம்" என்றாள்.

அன்றைக்கு எட்டு மணிக்குப் பாலக்கரையில் லூர்துமேரி வீட்டு வாசலில் நின்றேன். பேய் விஷயம் சொல்லவில்லை. விரல் விஷயத்தைச் சொன்னேன். அவள் முழுதாகக் கேட்டாள்.

"ரெண்டு வருஷமா வாயில என்னத்த வச்சிருந்தீங்க அண்ணே?"

துணிச் சுருளைக் கை மாற்றிப் பிடித்தேன்.

"எம் மகள ஸ்கூல்ல திருடன் மகள்னு கூப்பிடுறாங்க. தெரியுமா? நீங்க அப்பப்ப வந்து அரிசி குடுத்துட்டுப் போனீங்களே, அது எதுக்குன்னு இப்பல்ல புரியுது."

"திங்கக்கிழம வந்து சொல்றேன்."

"உங்களப் புடிச்சு உள்ள போட்டாங்கன்னா?"

"போடட்டும்."

"போடட்டும்" என்று அவளும் சொன்னாள். கதவைச் சாத்திவிட்டாள்.

ஞாயிறு காலை கொட்டகையில் பாயின் மச்சான் கலீம் மெஷினுக்குக் கரண்ட் கொடுத்து, உள்ளே இருந்த பதிவையெல்லாம் பென் டிரைவில் இறக்கினான். போன் ரிப்பேரில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அந்த மாடல் விரல் பதியாவிட்டாலும் ஒரு போட்டோ எடுத்து வைக்குமாம். எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. கம்பெனியில் யாரும் திறந்து பார்த்ததும் இல்லை.

செபஸ்தியான் செத்த நாள். காலை ஆறு இரண்டிலிருந்து ஆறு பத்தொன்பது வரை. பதினோரு போட்டோ. எல்லாவற்றிலும் அவன். தலை குனிந்து, மெஷினைப் பார்த்தபடி. மூன்றாவதில் முடியில் விரல். ஆறாவதில் வாசல் பக்கம் திரும்பிப் பார்க்கிறான். பதினோராவதில் பின்னால் சிவசங்கர் நிற்கிறான், கையை மேலே காட்டி. போ, மேலே போய் வேலையைப் பார் என்கிற கை.

அது போதும். திங்கட்கிழமை அந்தப் பதினோரு படத்தோடு போனேன். என் விரல் விஷயத்தையும் சொல்லி, எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்ததும் சிவசங்கர் வழி மறித்தான். "ஒரு சைட்டுல உன்ன நிக்க விடமாட்டேன்டா" என்றான். முதலில் நீ அந்தப் போட்டோவிலிருந்து வெளியே வா என்றேன். என் மேல் கேஸ் நடக்கிறது. நடக்கட்டும். லூர்துமேரிக்கு அவள் கேட்ட தாள் கிடைத்தது. 'இறந்த நபர் அன்று பணியில் இருந்தார்.'

ஆனால் கலீம் இறக்கிய பட்டியல் அந்தப் பதினொன்றோடு முடியவில்லை. இதை நாங்கள் அலுவலகத்தில் காட்டவில்லை.

செத்ததற்கு அடுத்த நாள். ஆறு இரண்டு முதல் ஆறு பத்தொன்பது வரை, பதினொன்று. போட்டோவில் வெறும் சுவர். அதற்கு அடுத்த நாள், பதினொன்று. ஞாயிறு, தீபாவளி, மழை, எதுவும் விடவில்லை. கட்டடம் முடிந்து மெஷினைக் கழற்றிய பிறகும். போட்டோவெல்லாம் கறுப்பு. சாக்குக்குள் இருந்திருக்கும்.

"அண்ணே, கரண்டே இல்லாம எப்படிண்ணே?" கலீம் மெஷினைத் திருப்பிக் காட்டினான். "உள்ள கடிகாரத்துக்கு இருக்குற பொட்டு பேட்டரி கூட செத்துக் கெடக்கு. தேதியே நிக்காது."

மெஷின் எங்கள் கொட்டகைக்கு வந்த நாளிலிருந்து மட்டும் நேரம் மாறியிருந்தது. காலை ஆறு இரண்டு இல்லை. சாயங்காலம் ஆறு இரண்டு. நான் கொட்டகையில் தனியாக இருக்கிற நேரம். படமும் கறுப்பு இல்லை. சாக்குப் போட்டு மூடி வைத்திருந்த மெஷின் எடுத்த படம். மேஜை, பல்பு, குனிந்து வேலை செய்கிற ஒரு முதுகு.

என் முதுகு. பத்தொன்பது நாள்.

கடைசிப் பதிவு, அந்தச் சனிக்கிழமை, ஆறு பத்தொன்பது. அது மட்டும் பச்சையில் இருந்தது. 'செபஸ்தியான். உள்ளே.' விரல் வைத்தது நான். முன்னால் நின்றது நான். போட்டோவில் நான் இல்லை.

அவன் இருந்தான். முதல் முறையாகத் தலை நிமிர்ந்து, நேராகப் பார்த்து. சிரிப்பு இல்லை. கழுத்து வரை பொத்தான் போட்ட மஞ்சள் சட்டை. அப்படி ஒரு சட்டை அவனிடம் நான் பார்த்ததே இல்லை.

தாள் கிடைத்த அன்று, அலுவலக வாசல் புளிய மரத்தடியில், லூர்துமேரியிடம் அந்தப் படத்தை மட்டும் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். சட்டைக் காலரை விரலால் தடவினாள்.

"இது நான் எடுத்த சட்ட."

"எப்ப?"

"பொட்டியில வக்கிறதுக்கு. புதுசு. உடம்பு சிதைஞ்சு போச்சேன்னு கழுத்து வரைக்கும் பொத்தான் போட்டு விட்டேன்."

தெருவில் ஒரு பஸ் போனது. அவள் படத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஆறு பத்தொம்பதுக்கு உள்ள வந்தாரு. சரி. எத்தன மணிக்கு வெளிய போனாரு அண்ணே?"

பட்டியலை எடுத்துப் பார்த்தேன்.

அந்தக் கட்டம் காலியாக இருந்தது.